மஞ்சள் விளக்கும் புதிய சைலன்சரும்

மோட்டார் வண்டியின் முகப்பில், எஞ்சினின் சிறு சித்திரம் ஒன்றை மஞ்சள் நிறத்தில் காட்டி எரிகின்ற விளக்கை எங்கள் தொழிலில் எல்லோரும் செக் எஞ்சின் லைட் என்றே சொல்லுவோம். ஷார்ஜாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், சைலன்சர் வேலைக்கென்றே வண்டிகள் தேடி வருகிற ஒரு பட்டறையில் நெடுங்காலம் உழைத்தவன் என்கிற முறையில், அந்த விளக்கைப் பற்றிய முறையீட்டைப் போல வேறெதையும் நான் அடிக்கடி கேட்டதில்லை. ஆசை ஆசையாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, கம்பெனி மாட்டிக் கொடுத்த சைலன்சரின் அடக்கமான ஓசையில் திருப்தி கொள்ளாமல், வேறொருவர் செய்த எஃகுக் குழாய்த் தொகுதியை வரவழைத்து மாட்டிக்கொண்டு, முதல் நாள் முழுவதும் அதன் கம்பீர சப்தத்தில் மெய்மறந்திருந்து, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அந்த மஞ்சள் விளக்கு எரியக் கண்டு முகம் வாடி வந்து நிற்கிறவர்கள் அனைவரும் ஒரே ஒரு வேண்டுகோளையே வைத்தார்கள்: விளக்கை அணைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே அது. அணைப்பதற்கு ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதற்கு மெக்கானிக் என்று ஒருவன் வேண்டியதில்லை. அது ஏன் எரிந்தது என்று கண்டு சொல்வதற்காகவே எங்களுக்குக் கூலி கொடுக்கப்படுகிறது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இந்த விளக்கு எஞ்சினின் ஆரோக்கியத்தை அறிவிப்பதற்காக வைக்கப்பட்டது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அதன் பூர்வோத்தரம் வேறு. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் வானத்தை மூடிய புகைமூட்டத்தோடு பல்லாண்டுகள் போராடிய கலிஃபோர்னியா மாகாணம், வண்டி புதிதாக இருக்கும்போது சுத்தமான புகை விட்டால் மட்டும் போதாது, அதன் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கிறதா என்பதை வண்டியே கண்காணித்துச் சொல்ல வேண்டும் என்று விதித்து, 1988-ஆம் ஆண்டு மாடல் வண்டிகளிலிருந்து அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1996-ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரே மாதிரியான சாக்கெட்டும், எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஒரே பொருள் தரும் பிழைக் குறியீடுகளும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும், நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் கீழ் 2010-லும் 2013-லும் இரண்டு படிகளாகவும் இந்த முறை வந்து சேர்ந்தது. வண்டி விடும் நச்சுப் புகை, சட்டம் அனுமதித்த அளவைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கை எட்டக்கூடிய எந்தக் கோளாறு நேர்ந்தாலும் விளக்கு எரிய வேண்டும் என்பதே அமெரிக்க விதிகளின் சாராம்சம். ஆகவே அது முதன்மையாகக் காவல் காப்பது புகையை. புகைக்குழாயை மாற்றுகிறவன், அது எந்த இடத்தில் கண் வைத்திருக்கிறதோ அந்த இடத்திலேயே கை வைக்கிறான்.

அந்தக் கண் எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் இது விளங்கினால் மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற எடை விகிதத்தில் கலந்து எரியும்போதுதான், புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் சாதனம் தன் வேலையைச் செவ்வனே செய்யும். தேன்கூட்டு வடிவில் ஆயிரக்கணக்கான நுண்ணிய துவாரங்கள் கொண்ட பீங்கான் அல்லது உலோகக் கட்டி ஒன்றின் மேல், பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். எரியாத பெட்ரோல் ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் அவை எரித்து முடிக்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து வெறும் நைட்ரஜனாக்குகின்றன. இவற்றோடு சீரியம் ஆக்சைடு என்ற இன்னொரு பொருளும் அந்தப் பூச்சில் உண்டு. எரிப்பில் காற்று மிஞ்சும் தருணத்தில் பிராணவாயுவைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொண்டு, பெட்ரோல் மிஞ்சும் தருணத்தில் அதைத் திருப்பிக் கொடுப்பது அதன் சுபாவம். மழைநாளில் நிரம்பிக் கோடையில் மடை வழியே வயலுக்கு நீர் விடும் ஏரியைப் போன்றது அதன் பணி. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சாரும் பின்னால் ஓர் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கின்றன. முன்னால் இருப்பது, எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதற்கேற்ப இடைவிடாமல் ஏறி இறங்கும். பழைய வகைச் சென்சாரில் அந்த அசைவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே நிகழும். பிராணவாயுவை வாங்கியும் விட்டும் கன்வெர்ட்டர் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்துவிடுவதால், பின்னால் இருக்கும் சென்சார் 0.6, 0.7 வோல்ட் என்ற அளவில் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். பின்சென்சாரும் முன்சென்சாரைப் போலவே குதிக்கத் தொடங்கினால், நடுவில் இருக்கும் கன்வெர்ட்டருக்குச் சத்து போய்விட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பி0420 என்ற குறியீட்டின் அர்த்தம் இவ்வளவுதான். வி-வடிவ எஞ்சினில் மறுபக்கத்துக்கு பி0430. சத்து போயிற்றா, அல்லது கன்வெர்ட்டரையே கழற்றிவிட்டார்களா என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

வெளியே விற்கும் எக்ஸாஸ்ட் எல்லாம் ஒரே ரகம் அல்ல. கன்வெர்ட்டருக்குப் பின்னால் தொடங்கி வால்முனை வரை செல்லும் குழாயையும் சைலன்சரையும் மட்டும் மாற்றுவது ஒரு வகை. கேட்-பேக் என்று அதற்குப் பெயர். விளக்கைத் தூண்டும் சென்சார்கள் அனைத்தும் அதற்கு முன்னாலேயே இருந்துவிடுவதால், ஒழுங்காக மாட்டப்பட்ட கேட்-பேக் எந்தக் குறியீட்டையும் எழுப்பக் காரணமே இல்லை. இரண்டாவது வகை, கம்பெனிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, சதுர அங்குலத்துக்கு 200 துவாரம் என்ற கணக்கில் நெருக்கம் குறைந்த வேறொன்றை வைப்பது. கம்பெனியார் வைப்பதில் 400, 600 என்று துவாரங்கள் நெருங்கியிருக்கும். துவாரம் குறைந்தால் பூச்சுப் பரப்பும் குறையும், சீரியம் தேக்கி வைக்கும் பிராணவாயுவும் குறையும், ஆகவே சில மாதங்களில் பி0420 வருவது அபூர்வமல்ல. மூன்றாவது வகை, கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் வெறுங்குழாயை வைத்துவிடுவது. இதில் விளக்கு எரியுமா என்ற கேள்விக்கே இடமில்லை. நான்காவதாக, எஞ்சினோடு ஒட்டிய மேனிஃபோல்டையே கழற்றிவிட்டு ஹெட்டர் என்னும் நீண்ட குழாய்க் கொத்தை வைப்பதும் உண்டு; டொயோட்டா 86 போன்ற வண்டியில் முதற் கன்வெர்ட்டர் அந்த மேனிஃபோல்டின் கூடுமிடத்திலேயே அடங்கியிருப்பதால், ஹெட்டரை மாற்றுகிறவர் தாம் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கழற்றுகிறோம் என்பதைப் பல சமயம் உணர்வதேயில்லை.

எனவே விளக்கோடு வருகிறவரிடம் முதலில் நான் கேட்பது, என்ன மாட்டினீர்கள் என்பது. இரண்டாவதாக, மாட்டும்போது எந்தெந்த பிளக்கைக் கழற்றினார்கள் என்பது. ஸ்கேனரை மூன்றாவதாகவே எடுப்பேன்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். துபாயில் கணிப்பொறி வேலையில் இருந்த மதுரைப் பக்கத்து இளைஞர் ஒருவர், நிஸான் 370 இஸட் வண்டியைக் கொண்டுவந்தார், 3.7 லிட்டர் கொள்ளளவும் வி-வடிவில் ஆறு சிலிண்டரும் கொண்ட எஞ்சின் அது. வேறொரு பட்டறையில் இருபுறமும் ஹெட்டர் மாட்டியிருந்தார்கள். புதுக்குழாய்களின் அமைப்பில் சென்சார்கள் சற்றுத் தள்ளிப் போய்விட்டதால், அவற்றின் ஒயர் எட்டாமல் நீட்டிப்பு ஒயர் கொடுத்துக் கியர்பாக்ஸின் மேலாகக் கொண்டுபோய் இணைத்திருந்தார்கள். "அண்ணே, வண்டி நல்லாத்தான் ஓடுது. லைட் மட்டும் எரியுது. அதை அணைச்சுக் குடுத்துட்டீங்கன்னா போதும்," என்றார் அவர். எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று கேட்டேன். முதல் நிமிஷம் சீராக இருந்தது. சென்சார்கள் சூடேறிக் கம்ப்யூட்டர் அவற்றின் பேச்சைக் கேட்கத் தொடங்கியதும் ஐட்லிங் மெல்ல மெல்லத் தடுமாறத் தொடங்கியது. "தம்பி, இது நல்லா ஓடற வண்டி இல்லை. கொஞ்சம் பொறுங்க," என்று சொல்லி ஸ்கேனரை மாட்டினேன்.

இரண்டு குறியீடுகள் இருந்தன. ஒரு பக்கத்துச் சிலிண்டர்களில் பெட்ரோல் போதவில்லை என்பது ஒன்று. மறுபக்கத்தில் பெட்ரோல் மிஞ்சுகிறது என்பது மற்றொன்று. பி0171, பி0175. இவ்விரண்டும் ஜோடியாக வருவதே சந்தேகத்துக்குரியது. ஏனெனில் பெட்ரோல் பம்ப் கெட்டால் இரண்டு பக்கமும் ஒரே திசையில்தான் போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எரிபொருள் திருத்தக் கணக்கைத் திரையில் வரவழைத்தேன். பத்து சதவிகிதத்துக்குள் நின்றால் அது ஆரோக்கியத்தின் லட்சணம். இங்கோ ஒரு பக்கம் கூட்டல் 25-ஐ நோக்கியும், மறுபக்கம் கழித்தல் 25-ஐ நோக்கியும், இரண்டும் ஒரே வேகத்தில், ஒன்றை விட்டொன்று விலகிச் சென்றுகொண்டிருந்தன. வலப்பக்கத்துச் சென்சாரின் பிளக்கை உருவி எடுத்தேன். இடப்பக்கத்துச் சென்சார் காணோம் என்று ஸ்கேனர் அறிவித்தது. விஷயம் வெட்டவெளிச்சமாயிற்று. நீட்டிப்பு ஒயர்கள் இரண்டையும் கியர்பாக்ஸின் மேல் குறுக்காக மாற்றி இணைத்திருக்கிறார்கள். வலப்பக்கத்தில் பெட்ரோல் குறைவதைக் கண்டு சென்சார் முறையிட, கம்ப்யூட்டர் இடப்பக்கத்துக்குப் பெட்ரோலை வார்த்திருக்கிறது. இடப்பக்கம் மிஞ்சுகிறது என்ற செய்தி வர, ஏற்கெனவே குறைந்திருந்த வலப்பக்கத்தை மேலும் பட்டினி போட்டிருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக மேஜைமேல் வைத்து அந்த இளைஞருக்குக் காட்டினேன். மூன்று பிளக்குகளின் முனையில் பஞ்சு போலக் கரி படிந்திருந்தது. மற்ற மூன்றும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. அந்த வெளுத்த பக்கத்தோடு ஜெபல் ஜெய்ஸ் மலைப்பாதையில் அவர் வண்டியை முழு வேகத்தில் ஏற்றியிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கக்கூடும். ஒயர்களை நேராக்கி, குழாயைத் தொடாதவாறு கிளிப் போட்டுக் கட்டி, பழைய கணக்கை அழித்து ஓட்டிப் பார்த்தபோது, இரண்டு பக்கமும் சில சதவிகிதத்துக்குள் வந்து நின்றுவிட்டன. அன்று அவர் கேட்டபடி விளக்கை மட்டும் அணைத்து அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சென்சாரின் ஒயர் குழாயைத் தொடுவது இதைவிட மிகச் சாதாரணமாக நிகழும் கோளாறு. ஆக்சிஜன் சென்சாருக்குள் அதைச் சீக்கிரம் சூடேற்றுவதற்கென்றே ஒரு சிறு ஹீட்டர் உண்டு. ஏனெனில் அதிலுள்ள சிர்கோனியா என்னும் பீங்கான், 300 டிகிரி உஷ்ணத்தை அடைந்த பிறகே மின்னழுத்தம் காட்டத் தொடங்கும். கம்பெனியார் அந்த ஒயரைக் கிளிப்பில் கோத்து உஷ்ணம் எட்டாத வழியாகக் கொண்டுபோயிருப்பார்கள். அவசரத்தில் புதுக்குழாயை மாட்டுகிறவர், உடைந்த கிளிப்பை அப்படியே விட்டு ஒயரைத் தொங்கவிடுவார்; வளைகுடாவின் வெயிலில் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒயரின் உறை உருகி, ஹீட்டருக்குப் போகும் மின்சாரம் அறுந்துவிடும். பின்சென்சாரின் ஹீட்டர் கோளாறைக் குறிக்கும் பி0141 கேட்-பேக் மாட்டிய வண்டியில் வந்தால், லிஃப்டில் ஏற்றி ஒயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதுச் சென்சார் வாங்கிவரச் சொல்லுவது அதற்குப் பிந்திய வேலை.

மூன்றாவது காரணம் கசிவு. புகை வெளியே கசிந்தால் சப்தம் கேட்கும், அவ்வளவுதானே என்று நினைப்பவர் உண்டு. புகைக்குழாயில் வாயு ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் திறக்கும்போது ஒரு வீச்சும், அதன் பின்னே ஒரு கணம் அழுத்தம் தாழ்ந்த இடைவெளியுமாக அது துடித்துத் துடித்தே செல்கிறது. அந்தத் தாழ்ந்த கணத்தில் கேஸ்கெட்டின் விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. சென்சாருக்குத் தெரிவது பிராணவாயு மட்டுமே. அது எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. பெட்ரோல் குறைகிறது என்று அது தவறாக அறிந்து சொல்ல, கம்ப்யூட்டரும் தேவையற்ற பெட்ரோலை ஊற்றத் தொடங்குகிறது. ஐட்லிங்கில் திருத்தக் கணக்கு உயர்ந்திருந்து, 2500 சுற்றுக்கு எஞ்சினை ஏற்றியதும் அது இறங்கிவிட்டால், காற்று எங்கேயோ நுழைகிறது என்று அர்த்தம். இன்டேக் பக்கம் ரப்பர் குழாயில் ஓட்டை விழுந்தாலும் இதே அறிகுறிதான் என்பதால், அதையும் ஒதுக்கிவிடாமல் பார்க்க வேண்டும்.

கசிவைப் பிடிக்க எங்கள் பட்டறையில் நாங்கள் கையாண்ட முறை செலவற்றது. எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, தூசி உறிஞ்சும் மிஷினை ஊதும் பக்கமாகத் திருப்பி, துணி சுற்றிப் புகைக்குழாயின் வாலில் பொருத்திக் காற்றை உள்ளே செலுத்துவோம். பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளிப்பானில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பாக, ஒவ்வொரு வெல்டிங் ஓரமாக, சென்சார் திருகப்பட்ட பொந்து முதற்கொண்டு நனைத்துக்கொண்டே போவோம். கசிவுள்ள இடத்தில் நுரை குமிழியிட்டு வளரும். சில சமயம் கேஸ்கெட்டில் அல்ல, புதுக்குழாயின் வெல்டிங்கிலேயே மயிரிழை போன்ற துவாரத்திலிருந்து குமிழி வரும். பெஷாவரிலிருந்து வந்திருந்த எங்கள் வெல்டிங் உஸ்தாத், அந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் குழாயைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருடைய வேலையின் மீது எனக்கு இருந்த மதிப்பு அளவிறந்தது.

கசிவை அடைக்கிறேன் என்று சிவப்பு நிறச் சிலிகான் பசையை அள்ளிப் பூசும் வழக்கத்தை மட்டும் நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். சென்சாருக்குத் தீங்கற்றது என்று உறையில் எழுதியிராத சிலிகான் பசையின் ஆவி, சூடான குழாயில் பயணம் செய்து, சென்சாரின் முனையில் மெல்லிய மணற்படலமாகப் படிந்துவிடும். படலம் படிந்த சென்சார் செத்துவிடுவதில்லை, மந்தமாகிவிடுகிறது. செத்த சென்சாரை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம்; மந்தமானதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். புதுக் கேஸ்கெட், சுத்தமாகத் தேய்த்த முகம், சரியான டார்க்கில் முறுக்கிய நட்டு ஆகிய இம்மூன்றும் இருந்தால் எந்தப் பசையும் தேவையில்லை. சென்சாரைக் கழற்றுவதற்கும், ஒயர் நுழையும்படி ஒரு பக்கம் பிளந்த 22 மில்லிமீட்டர் சாக்கெட்டைத்தான் உபயோகிக்க வேண்டும். சாதாரண ஸ்பேனரால் திருகி முனையை மழுக்கிவிட்டு, பிறகு உளியால் தட்டியெடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விளக்கு ஏன் மாட்டிய அன்றே எரியாமல், பணம் கொடுத்துவிட்டுப் போன பிறகு எரிகிறது என்று வாடிக்கையாளர்கள் வருத்தத்தோடு கேட்பார்கள். அதிலே சூழ்ச்சி ஒன்றுமில்லை. கன்வெர்ட்டர் சம்பந்தமான பரீட்சையைக் கம்ப்யூட்டர் எப்போதும் நடத்துவதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஒரே வேகத்தில் சற்று நேரம் ஓடும்போதுதான் நடத்தும். முதல் பயணத்தில் தோற்றால் பென்டிங் என்று உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த பயணத்திலும் தோற்றால்தான் விளக்கை ஏற்றும். அதேபோலக் கோளாறு சரியானால், தொடர்ந்து மூன்று பயணங்கள் பழுதின்றி முடிந்த பிறகு விளக்கு தானே அணைந்துவிடும். ஸ்கேனரால் அவசரப்பட்டு அழிப்பதில் ஒரு நஷ்டம் இருக்கிறது: கோளாறு நேர்ந்த கணத்தில் எஞ்சினின் வேகம், உஷ்ணம், பளு இவை எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற குறிப்பும் அதோடு அழிந்துபோகிறது. மெக்கானிக்குக் கிடைக்கும் ஆதாரங்களுள் அதற்கு நிகரானது வேறில்லை. அதைப் படித்து எழுதிக்கொள்ளாமல் அழிப்பது எங்கள் பட்டறையில் தடை செய்யப்பட்டிருந்தது.

இனி, கன்வெர்ட்டரையே கழற்றி எறிந்துவிட்டு, விளக்கை மட்டும் ஏமாற்றும் உபாயங்கள். பின்சென்சாரை வாயு ஓட்டத்திலிருந்து விலக்கி நிறுத்த இரண்டங்குல நீளத்துக்கு ஒரு திருகுத் துண்டை இடையில் வைக்கிறார்கள். பின்சென்சார் கொடுக்க வேண்டிய 0.7 வோல்ட்டைத் தானே கொடுக்கும் மின்சாரப் பெட்டியை விற்கிறார்கள். கம்ப்யூட்டரின் மென்பொருளைத் திருத்தி, பி0420 என்ற பரீட்சையையே நடத்தாமல் விட்டுவிடச் செய்கிறார்கள். மூன்றும் வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் சுத்தமான காற்றுச் சட்டத்தின் கீழ் இவை குற்றம். கலிஃபோர்னியாவில் சாலையில் ஓடும் வண்டிக்குப் புதுக் கன்வெர்ட்டர் வைப்பதானால் மாகாண வாரியத்தின் உத்தரவு எண் அதற்கு இருந்தாக வேண்டும். நம் நாட்டிலும் கம்பெனியார் நிர்ணயித்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆயினும் நான் அந்த வேலையை ஏற்காததற்குச் சட்டம் மட்டுமே காரணமல்ல. கன்வெர்ட்டர் இல்லாத வண்டியின் பின்னால் சிக்னலில் நிற்கும் மனிதர் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார். அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, அதன் சப்தத்தால் ஆனந்தமும் இல்லை. வெறுங்குழாயால் கிடைக்கும் குதிரைசக்தி, கம்பெனி வண்டியில் தெருவில் ஓட்டுகிறவர் உணரக்கூடிய அளவினதும் அல்ல.

விளக்கு எரிந்தபடியே இருக்கட்டும், காரணம் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். இதுவே எல்லாவற்றிலும் விபரீதமானது. நூற்றுக்கணக்கான கோளாறுகளுக்கும் சேர்த்து வண்டியில் இருப்பது ஒரே விளக்கு. பி0420-க்காக அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், அடுத்து வரும் கோளாறு எந்த விளக்கை ஏற்றும்? 200 துவாரக் கன்வெர்ட்டர் வைத்து, விளக்கு எரிவது பல மாதங்களாகப் பழகிப்போன ஒருவரின் வண்டி, பிக்கப் இல்லை என்று எங்களிடம் வந்தது. ஸ்கேனரில் பி0420-க்குக் கீழே பி0304 என்று ஒன்று காத்திருந்தது. நான்காவது சிலிண்டர் மிஸ்ஸிங். அதன் இக்னிஷன் காயில் சோர்ந்துபோய், எப்போதாவது ஒரு தடவை பெட்ரோல் எரியாமலே குழாய்க்குப் போயிருக்கிறது. கடுமையான மிஸ்ஸிங்காக இருந்திருந்தால் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டியிருக்கும்; இது இலேசானது, ஆகவே புதிதாக எரிய வேண்டிய விளக்கு, எரிந்துகொண்டிருந்த விளக்குக்குள் மறைந்துவிட்டது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதன் தேன்கூடு உருகிப் பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது, சீரான துவாரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பளபளப்பான ஒரு கசடு தெரிந்தது. சின்னஞ்சிறு காயில் ஒன்றை முதல் வாரத்தில் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலைக்கு, அவர் கன்வெர்ட்டரும் சேர்த்து வாங்க நேர்ந்தது.

சப்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல எக்ஸாஸ்டின் நாதத்தை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று 6000 சுற்றைத் தாண்டும்போது எழும் குரலைக் கேட்டுக் கண் மூடி நின்றிருக்கிறேன். ஆனால் நாதம் வேறு, இரைச்சல் வேறு. கன்வெர்ட்டரும், ஓசையைச் சீராக்கும் ரெசனேட்டரும் இல்லாத குழாயின் ஓசையில் நயமே இராது. அதனால்தான் எமிரேட்ஸில் 2017-இல் வந்த போக்குவரத்து விதிகள் இரைச்சல் வண்டிக்கு 2000 திர்ஹம் அபராதமும் 12 கரும்புள்ளிகளும் விதித்தன.

ஆகையால் புதிய எக்ஸாஸ்ட் மாட்டிக்கொள்ள விரும்பும் அன்பர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். கேட்-பேக் போதுமென்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு ஓடாமல், வண்டி லிஃப்டில் இருக்கும்போதே கீழே போய் நின்று, சென்சார் ஒயர் ஒவ்வொன்றும் கிளிப்பில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். எஞ்சின் சூடேறிய பிறகு ஸ்கேனரை மாட்டச் சொல்லி, பென்டிங் குறியீடுகளையும் இரண்டு பக்கத்துத் திருத்தக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் பட்டறைக்கு மறுபடி போக வேண்டாம். கன்வெர்ட்டரை மாற்றியே தீருவேன் என்கிறவர், கழற்றிய பழைய கன்வெர்ட்டரைப் பட்டறையிலேயே விட்டுவிட வேண்டாம். அதிலுள்ள பிளாட்டினத்துக்கும் ரோடியத்துக்கும் விலை உண்டு; வண்டியை விற்கும் நாளில் அது திரும்பவும் தேவைப்படும்.